பத்து ஏக்கர் வரைபடமும் ஆறு குழிகளும்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் பூர்வீகப் புஞ்சை இருக்கிறது. பதினைந்து வருடமாகத் தரிசு, பாதிக்கு மேல் சீமைக்கருவேல். தெற்கே மேட்டில் சரளை, வடக்கே கண்மாயை ஒட்டிய பள்ளம். தடி மரம், ஆட்டுக்குத் தழை, கொஞ்சம் பழம், தேன் என்று பல பயன் தரும் காடாக வளர்க்க ஆசை. சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் கணினியில் நிலப் பொருத்த வரைபடம் போட்டுக் கொடுத்தான். ஏழு ஏக்கர் தேக்குக்கு 'மிகப் பொருத்தம்' என்று பச்சையாகக் காட்டுகிறது. நம்பிக் கன்று வாங்கலாமா?

பதில்: ஐயா, கன்றுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையே? அப்படியென்றால் சரி. இந்த ஐப்பசி, கார்த்திகை போகட்டும்.

உங்கள் அண்ணன் மகன், அந்தத் தம்பி, அனுப்பிய கியூஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) கோப்பைத் திறந்து பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. நூற்றுக்கு மழைக்கு 30, சரிவுக்கு 25, மண்ணுக்கு 25, பசுமைக்கு 20 என்று மதிப்பெண் போட்டு, நான்கையும் கூட்டி நிறம் தீட்டியிருக்கிறார். ஒரு தாலுகாவுக்கோ மாவட்டத்துக்கோ இது உதவும். ஒரே ஒருவருடைய பத்து ஏக்கருக்கு உதவாது.

உங்கள் நிலம் ஏறத்தாழ 200 மீட்டருக்கு 200 மீட்டர். தம்பி எடுத்த மண் வரைபடம் 50,000-க்கு 1 அளவில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். ஆக, உங்கள் பத்து ஏக்கரும் அந்தத் தாளில் நாலு மில்லிமீட்டர் சதுரம்தான், ஓர் உளுந்து உட்காரும் இடம். மேட்டுச் சரளையும் கண்மாயோர வண்டலும் அதற்குள் எப்படித் தனித்தனியாகத் தெரியும்? மொத்தத்தையும் 'ஆழமான செம்மண்' என்று சொல்லிவிட்டது.

சரிவுக் கணக்கு இன்னும் மோசம். அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. ஒரு கட்டம் 30 மீட்டர், உங்கள் நிலத்துக்கு மொத்தமே 45 கட்டம். அந்த உயரத்தில் சில மீட்டர் பிழையும் உண்டு. மலைப்பக்கம் அது பெரிதில்லை. நம் சீமையில் பத்து ஏக்கருக்குள் வாட்டமே சில அடிதான், பிழை அதை விழுங்கிவிடும். அன்றைக்குப் பக்கத்தில் தைலமரத் தோப்பு நின்றிருந்தால் அதுவும் மேடாகப் பதிவாகியிருக்கும்.

அப்புறம் மழை. பத்து ஏக்கருக்குள் தெற்கு மூலைக்கு ஒரு மழை, வடக்கு மூலைக்கு ஒரு மழை என்று பெய்யாது. ஆகவே அந்த 30 மதிப்பெண் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்விட்டது. கணக்கில் தோற்ற பிள்ளை மற்ற பாடத்தை வைத்துச் சராசரியில் தேறுகிற மாதிரி, மண் ஆழமில்லாத இடமும் கூட்டலில் தேறிவிட்டது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1976-இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு வழிமுறை, ஒவ்வொரு பயனுக்கும் தனியாகப் பொருத்தம் பார் என்கிறது. அப்படிப் பார்க்கும்போது எந்தக் குறை மிகக் கடுமையோ, அந்த இடத்தின் தரத்தை அதை வைத்தே முடிவு செய்யலாம். தம்பியைக் கூட்டலை விட்டுவிட்டு இந்த முறையில், தடிக்கு ஒன்று, தழைக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் படம் போடச் சொல்லுங்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்குத் தேக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டடிக்குக் கீழே செம்புறாங்கல் தகடு. ஆறாவது வருடம் போய்ப் பார்த்தால் மரம் என் கைத்தடி மொத்தம்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மேட்டில் இரண்டு, நடுவில் இரண்டு, பள்ளத்தில் இரண்டு என்று மூன்றரை அடி ஆழத்துக்கு ஆறு குழி தோண்டுங்கள். கடப்பாரை 'ணங்' என்று எகிறுகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் பாருங்கள். அப்போதும் தேங்கி நின்றால் அடியில் தகடோ இறுகிய களியோ இருக்கிறது, தேக்கை அங்கே மறந்துவிடுங்கள். பெருமழை நாளில் குடையோடு ஒருமுறை நடந்து, தண்ணீர் ஓடுகிற தடத்தில் குச்சி நட்டு, கைப்பேசியில் இடத்தைப் பதியுங்கள். ஐந்து மீட்டர் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. இதைத் தம்பி படத்தில் ஏற்றட்டும்.

செயற்கைக்கோள் படத்தில் தம்பி மே மாதத்தை மட்டும் எடுத்திருக்கிறார். அதில் தெரியும் பச்சை முழுக்கச் சீமைக்கருவேல். ஜனவரிப் படத்தையும் பிப்ரவரிக் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். புல் முதலில் காய்கிற இடம் பெரும்பாலும் மண் மெலிந்த இடமாக இருக்கும்.

நீங்கள் சொன்னதை வைத்து என் ஊகம்: சரளை மேட்டுக்கு முந்திரியும் வேம்பும். முந்திரிக்கு 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 80 கன்று, நடுவே கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். முதல் மூன்று வருடம் ஆட்டை உள்ளே விடாதீர்கள், அறுத்துப் போடுங்கள். நடுவில் மண் ஆழம் இருந்தால் மகோகனி, குமிழ், வரிசைக்கு நடுவே பலா. பள்ளத்தில் கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், அங்கே நீர்மருது, நாவல், புங்கம். புங்கம் பூக்கும்போது தேன்பெட்டிக்கும் தீனி ஆயிற்று. வரப்பில் பனை. தேக்கு வேண்டுமென்றால் நடுவில் குழி நன்றாக வந்த இடத்தில் மட்டும் ஓர் ஏக்கர்.

நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நில விவரம் எழுதிய அ-பதிவேட்டையும் இணையத்தில் எடுத்து, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் எதுவும் உங்கள் எல்லையை ஒட்டிப் போகிறதா பாருங்கள். போனால் அதில் ஒரு கன்றுகூட வேண்டாம், ஊர்ச் சண்டையாகிவிடும். சந்தனம் நட ஆசைப்பட்டால், விற்பது வனத்துறை வழியாகத்தான். எந்தத் தடி மரத்தையும் நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, நிலத்தில் என்ன விளைகிறது என்று எழுதும் அடங்கலில் ஏற்றிவிடுங்கள். கன்றை விலைக்கு வாங்குமுன் உழவன் செயலியில் பசுமைப் போர்வைத் திட்டத்துக்குப் பதிந்து பாருங்கள்.

குழி தோண்டியதும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு கடப்பாரையை நிறுத்தி எடுங்கள், அப்போதுதான் எனக்கு ஆழம் தெரியும்.