டிராவலர் குடும்பத்துக்கு மண்டபம் தர மறுக்கலாமா?

கேள்வி: லண்டனுக்கு வெளியே நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு விழா மண்டபம் நடத்துகிறோம். கல்யாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று பெரும்பாலும் நம் ஆட்கள்தான் எடுப்பார்கள். போன மாதம் ஒரு ஐரிஷ் பெண்மணி, மகளின் கல்யாண விருந்துக்கு ஒரு சனிக்கிழமையைப் பதிவு செய்து 800 பவுண்ட் முன்பணமும் கட்டினார். படிவத்தில் அவர் கொடுத்த முகவரி ஒரு கரவன் சைட், அதாவது சக்கரம் வைத்த வீடுகள் நிற்கும் இடம். அதைப் பார்த்த மச்சான், "இவர்கள் டிராவலர்கள், கரவனில் ஊர் ஊராகத் திரிகிற ஆட்கள், மண்டபத்தை உடைத்துவிட்டுப் போவார்கள், காசைத் திருப்பிக் கொடு" என்கிறார். அந்தத் தேதியைத் தவறுதலாக இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லும்படி அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பிவிட்டார். அவள் இன்னும் அந்தப் பெண்மணியை அழைக்கவில்லை. வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் வேறு, "அவர்களுக்குக் கொடுத்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்" என்கிறார். எங்கள் சொந்த இடத்தை யாருக்குத் தருவது என்பது எங்கள் விருப்பம் இல்லையா? தந்தே ஆகவேண்டும் என்றால் 3,000 பவுண்ட் டெபாசிட் கேட்கலாமா? விருந்தாளிகள் கரவன்களோடு வந்து கார் பார்க்கிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்தப் பிள்ளை அழைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

இடம் உங்களுடையதுதான். ஆனால் அதைக் காசுக்கு எல்லோருக்கும் வாடகைக்கு விடுகிறீர்கள். அப்படி விடுகிற எவரும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 29ஆம் பிரிவுக்குள் வருகிறார். சின்ன மண்டபம், குடும்ப வியாபாரம் என்ற விலக்கெல்லாம் அதில் இல்லை. ஒருவருடைய இனத்தைக் காரணமாக வைத்துச் சேவையை மறுப்பதும், மற்றவர்களுக்குத் தருவதைவிட மோசமான நிபந்தனையில் தருவதும் சட்டவிரோதம்.

"டிராவலர் என்பது வாழ்க்கை முறைதானே, அது எப்படி இனமாகும்?" என்று உங்கள் மச்சான் கேட்பார். அதற்கு நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. அதன் தொடக்கமும் நம் பக்கத்து ஆட்களிடமிருந்துதான். தலைப்பாகையோடு வந்த சீக்கியப் பையனைச் சேர்க்க மறுத்த ஒரு தனியார் பள்ளியின் வழக்கில், நீண்ட பொது வரலாறும் தனிப் பண்பாடும் உள்ள சமூகத்தை இனக்குழுவாகக் கொள்ளலாம் என்று 1983இல், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஹக்னியில் ஒரு பப் உரிமையாளர் "டிராவலர்களுக்கு இடமில்லை" என்று பலகை மாட்டிய வழக்கு அடுத்து வந்தது. அதில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே அளவுகோலை வைத்துப் பார்த்து, ரோமானி ஜிப்சிகள் இனக்குழுவே என்றது. ஐரிஷ் டிராவலர்களுக்கும் அது பொருந்தும் என்று 2000இல் லண்டனில் ஒரு கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயர்லாந்து அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றது 2017இல்தான்.

ரோமானிகளும் ஐரிஷ் டிராவலர்களும் ஒரே ஆட்கள் அல்ல என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோமானிகளின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஐரிஷ் டிராவலர்கள் அயர்லாந்திலேயே உருவான சமூகம். தகர வேலை, குதிரை வியாபாரம், பருவத்துக்குப் பருவம் தோட்ட வேலை என்று ஊர் ஊராகப் போனவர்கள். பிளாஸ்டிக் வாளி வந்ததும் தகர வேலை படுத்துவிட்டது. இன்று 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்று பதிந்தவர்கள் கிட்டத்தட்ட 70,000 பேர். அவர்களில் கரவனிலோ அதுபோன்ற தற்காலிக வீட்டிலோ இருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்கள் உங்களையும் என்னையும் போல செங்கல் வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குள் குடியேறியதால் ஒருவர் டிராவலர் இல்லாமல் போய்விடுவதில்லை. கவுன்சில் சைட்டில் இருப்பவரும் அந்த இடத்துக்கு வாடகை கட்டுகிறார், கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறார். அந்தப் பெண்மணி எழுதிக் கொடுத்தது ஒழுங்கான முகவரி.

நீங்கள் பயப்படுவது கலவரத்துக்கு. இதே பயத்தைச் சொல்லித்தான் வெதர்ஸ்பூன் நிறுவனமும் வழக்காடியது. 2011இல் வட லண்டனின் ஹாலோவே சாலையில் உள்ள அவர்களுடைய பப் ஒன்றில், அருகே நடந்த டிராவலர் மாநாடு ஒன்றிலிருந்து வந்தவர்களை உள்ளே விடவில்லை. டிராவலர்கள் போகிற இடமெல்லாம் குழப்பம் வரும் என்ற முன்முடிவில் எடுத்த முடிவு அது என்று 2015இல் நீதிபதி தீர்ப்பளித்தார். எட்டுப் பேருக்குத் தலைக்கு 3,000 பவுண்ட் இழப்பீடு. இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் தோற்றவர் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் சுமக்க வேண்டிவரும். அது இழப்பீட்டை எளிதாகத் தாண்டிவிடும். டிராவலர் அல்லாத ஒருவரும், டிராவலர்களோடு வந்ததால் தன்னை மறுத்தார்கள் என்று வழக்குப் போடலாம். கல்யாண விருந்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு உதாரணம் பான்டின்ஸ் விடுமுறை முகாம்கள். வரவேண்டாத விருந்தாளிகள் என்று ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு ஊழியர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். 2021இல் அது வெளியே வந்து நாறியது. சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையம் விசாரித்து, 2024இல் அந்நிறுவனம் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. உங்கள் மச்சான் பெயருக்குப் பதிலாக முகவரியைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாட்ஸ்அப்தான் எனக்குப் பெரிய கவலை. 'இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம்' என்று பொய் சொன்னால் அந்தப் பெண்மணி நம்பிவிடுவார் என்று நினைக்காதீர்கள். டிராவலர் குடும்பங்களுக்கு இது பழகிப்போன பதில். விழாவுக்குச் சில நாள் முன்னால் மண்டபம் கைவிரித்த அனுபவம் பலருக்கு உண்டு. அவருடைய தோழி ஒருத்தி வேறு பெயரில் அழைத்து, அதே சனிக்கிழமை கிடைக்குமா என்று கேட்டால் உங்கள் கதை முடிந்தது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று காட்டும் உண்மைகளை அவர் நீதிமன்றத்தில் வைத்துவிட்டால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். தன்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அவர் கேட்கலாம். அந்தச் செய்தியும் அதில் வரக்கூடும். அதற்காக அழித்துவிடாதீர்கள், அழித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அது மட்டுமில்லை, பாகுபாடு காட்டும்படி இன்னொருவருக்கு உத்தரவிடுவதே 111ஆம் பிரிவின்படி தனித் தவறு. சொன்னபடி செய்தால் அந்தப் பிள்ளை மேலும் வழக்கு வரலாம். மாதச் சம்பளத்துக்கு வந்த பிள்ளையை இதில் மாட்டிவிடுவது நியாயமா?

இனம் பற்றிய கேள்வியை விட்டுவிட்டாலும், முன்பணம் வாங்கிப் பதிவை ஏற்றுக்கொண்ட பிறகு காரணமில்லாமல் ரத்து செய்வது ஒப்பந்த மீறல். 800 பவுண்டைத் திருப்பிக் கொடுத்ததும் கணக்குத் தீராது. அவசரத்தில் அவர் அதிக வாடகைக்கு வேறு மண்டபம் பிடித்தால் அந்த வித்தியாசத்தையும் உங்களிடம் கேட்பார்.

முகம் சுளித்த வாடிக்கையாளர் சட்டத்தில் ஒரு பொருட்டே இல்லை. 'மற்ற வாடிக்கையாளர்கள் விரும்பவில்லை' என்ற வாதம் எடுபடாது. தமிழருக்கு வீடு வாடகைக்குத் தராத வெள்ளைக்காரரும் அக்கம்பக்கத்தார் விரும்ப மாட்டார்கள் என்றுதானே சொன்னார்?

இனி டெபாசிட். கேட்கலாம், எல்லோரிடமும் கேட்பதாக இருந்தால். நம் ஆட்களிடம் 500 வாங்கிக்கொண்டு இவரிடம் மட்டும் 3,000 கேட்டால் அது மறுப்பதைப் போலவே பாகுபாடு. உண்மையான ஆபத்துகளை வைத்து விதியை எழுதுங்கள்: இத்தனை பேருக்கு மேல், மது பரிமாறினால், நள்ளிரவு தாண்டினால் இவ்வளவு டெபாசிட், உரிமம் பெற்ற இத்தனை காவலர்கள் என்று. அதைச் சாமத்தியவீட்டுக்கும் பொருத்துங்கள். போத்தலும் கைகலப்புமாக முடிந்த நம் வீட்டு விழாக்களைக் கணக்கெடுத்தால் உங்கள் மச்சானே இந்த விதியை வரவேற்பார் என்று நினைக்கிறேன். புதிய விதியை ஏற்கெனவே முடிந்துவிட்ட இந்தப் பதிவின்மேல் திணிக்காதீர்கள்; இதற்கு அன்று கையெழுத்தான நிபந்தனைகள்தான். ஒருவரை மறுக்கவே முடியாதா என்றால், முடியும். தீயணைப்பு விதியில் உள்ள ஆள் எண்ணிக்கையைத் தாண்டினால், அல்லது இதே ஆள் முன்பு உங்கள் மண்டபத்தில் சேதம் செய்திருந்தால் மறுக்கலாம். காரணம் அந்த ஆளின் நடத்தையில் இருக்க வேண்டும், அவர் பிறந்த சமூகத்தில் இருக்கக்கூடாது.

கார் பார்க் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, சில பேர் நினைப்பதைவிட அதிகமாகவே. வாடகை நேரம் முடிந்ததும் விருந்தாளிகளுக்கு உங்கள் இடத்தில் நிற்கும் அனுமதியும் முடிகிறது. போகச் சொல்லிக் கேளுங்கள், நியாயமான நேரம் கொடுங்கள். போகாவிட்டால் கவுண்டி நீதிமன்றத்தில் உடைமை மீட்பு வழக்குப் போடலாம். குடியிருப்பு அல்லாத நிலம் என்றால், அத்துமீறி நிற்பவர்களுக்கு விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அறிவித்தால் போதும். நீங்களே ஆள் திரட்டிக்கொண்டு போய் இழுத்துத் தள்ளாதீர்கள், கடைசியில் கைதாவது நீங்களாக இருக்கும். நீங்கள் கேட்டும் போகவில்லை, ஆறு அல்லது அதற்கு மேல் வாகனங்கள் நிற்கின்றன அல்லது சேதமும் இடையூறும் நடக்கிறது என்றால், 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 61ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் வெளியேற்றலாம். 2022இல் இன்னும் கடுமையாக்கினார்கள். அனுமதியில்லாமல் வாகனத்தோடு குடியிருந்து, பெரிய சேதமோ தொல்லையோ உண்டாக்கி, கேட்டும் போகாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை, வீடாக இருக்கும் கரவனையே பறிமுதல் செய்யவும் முடியும். வெளியேற்றியவர்கள் 12 மாதம் திரும்பி வரக்கூடாது என்ற பகுதி டிராவலர்களுக்கு எதிரான பாகுபாடு, மனித உரிமைக்கு முரண் என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது. இவையெல்லாம் குடியேறுகிறவர்களுக்கான சட்டங்கள். குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்று ஒரு இரவு வண்டியில் தூங்கும் மாமாவுக்கு எழுதியவை அல்ல.

கண்ட இடத்தில் கரவன்கள் ஏன் நிற்கின்றன என்றும் மச்சானுக்குச் சொல்லுங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டம், ஜிப்சிகளுக்குத் தங்குமிடம் அமைக்கும் கடமையைக் கவுன்சில்கள் மேல் வைத்தது. பொலிஸுக்கு வெளியேற்றும் அதிகாரத்தைக் கூட்டிய அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையை நீக்கியது. சொந்தமாக நிலம் வாங்கினாலும் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. எசெக்ஸில் டேல் ஃபார்மில் அப்படி வாங்கிய நிலத்தில் இருந்த குடும்பங்களைத்தான் 2011 அக்டோபரில் கவுன்சில் அப்புறப்படுத்தியது.

மண்டபத்தைப் பதிவு செய்த அந்தப் பெண்மணிக்கோ ஒழுங்கான சைட் இருக்கிறது. நாளைக்கே அவருக்குப் பதிவு உறுதி என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். மிச்சத் தொகை எப்போது கட்ட வேண்டும், எத்தனை மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் எழுதுவதை அப்படியே எழுதுங்கள். இரவில் வாகனம் நிறுத்தக்கூடாது என்ற விதி உங்கள் நிபந்தனைகளில் ஏற்கெனவே இருந்தால் அதையும் சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிவிலிருந்து எல்லோருக்குமாகச் சேருங்கள். அவர் டிராவலரா என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் எதுவானாலும் உங்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

(இங்கே சொன்னது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் பொதுவான விளக்கம். வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்துவிட்டால் ஆவணங்களோடு ஒரு சொலிசிட்டரை நேரில் பாருங்கள். அந்தப் பெண்மணிக்கு வழக்குப் போட ஆறு மாதம் அவகாசம் உண்டு என்பதால், கடிதம் வரவில்லையே என்று அவசரப்பட்டு நிம்மதியடைய வேண்டாம்.)