சிக்னலில் நின்றால் இன்ஜினும் நின்றுவிடுகிறது: பழைய பைக் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 125 சிசி கார்புரேட்டர் வண்டி, 14 வருடப் பழசு. ஓடும்போது இழுவையில் குறையே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டால் இரண்டு மூன்று நொடி தடுமாறி ஆஃப் ஆகிவிடுகிறது. ஸ்லோ ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டரை விட்டபின் இன்ஜின் ஓடும் மெல்லிய வேகத்தை, அதாவது ஸ்லோவை, கூட்டிக் குறைக்கும் திருகு) கூட்டி வைத்தால் சில நாள் தாங்கும், பிறகு பழையபடிதான். கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓட்டத்தில் நன்றாக இருந்து ஸ்லோவில் மட்டும் நிற்காத வண்டிக்கு, பெரும்பாலும் காசு செலவில்லாத காரணம்தான் இருக்கும்.

ஆக்சிலேட்டரை முழுதாக விட்டதும் கார்புரேட்டரின் ஸ்லைடு, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தடுப்பு, ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அப்போது மெயின் ஜெட்டுக்கு (வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் தரும், துளையுள்ள பித்தளைத் திருகு) வேலையே இல்லை. இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் முழுவதும் ஸ்லோ ஜெட் வழியாகத்தான் போக வேண்டும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சில வாரம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படிந்தால் முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். ஸ்லோ ஸ்க்ரூ ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறதே தவிர அடைப்பை எடுப்பதில்லை. அதனால்தான் சில நாளில் பழையபடி ஆகிறது.

கழற்றுவதற்கு முன், எப்போது ஆஃப் ஆகிறது என்று கவனியுங்கள். சோக் (பெட்ரோல் பங்கைக் கூட்டும் லீவர்) போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை: ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறது. நியூட்ரலில் நன்றாக நின்று, கியரில் கிளட்ச் பிடித்திருக்கும்போது மட்டும் ஆஃப் ஆனால் கார்புரேட்டரைத் தொடவே தொடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை; லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். கால் மணி நேரம் ஓடித் தடுமாறுகிற வண்டி, டேங்க் மூடியைத் திறந்ததும் சரியானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இதெல்லாம் இல்லையென்றால் அடுத்தது மிக்ஸர் ஸ்க்ரூ (ஸ்லோவில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) சோதனை. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஸ்லோவில் விட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். நல்ல கார்புரேட்டர் என்றால் முழுதாக உள்ளே போவதற்குள் இன்ஜின் தடுமாறும், அல்லது ஆஃப் ஆகும். எவ்வளவு திருகினாலும் ஒரு மாற்றமும் இல்லையா? ஸ்லோ வழி அடைத்திருக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்க்ரூவை அளவுக்கு மீறிக் கூட்டியதால் இன்ஜின் அந்த வழியை நம்பாமல் ஓடுகிறது. ஸ்க்ரூவை அழுத்தி முறுக்க வேண்டாம். அதன் ஊசி முனை உடைந்து உள்ளே சிக்கினால் அப்போது கார்புரேட்டர் வாங்கத்தான் வேண்டும்.

சுத்தம் செய்வதாக இருந்தால்: பெட்ரோல் டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். கிண்ணத்தில் துருத் தூளோ தண்ணீர் முத்துகளோ இருந்தால் டேங்கையும் பார்த்தாக வேண்டும். இல்லையேல் இந்த வேலை ஒரு மாதம்கூட நிற்காது. மிக்ஸர் ஸ்க்ரூ எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். பல கார்புரேட்டர்களில் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன வாஷர், கடுகளவு ஓ-ரிங் என்று மூன்று இருக்கும். அந்த ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதும், கழுவும்போது காணாமல் போவதும் வழக்கம். அது இல்லாமல் பூட்டினால் ஸ்லோ ஒருநாளும் நிலையாக நிற்காது.

ஸ்லோ ஜெட்டை, அதன் வெட்டில் சரியாக உட்காரும் அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மின் வயரின் ஒற்றைச் செப்பிழையால் குத்துங்கள். ஊக்கும் இரும்புக் கம்பியும் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும். பிறகு மிக்ஸர் ஸ்க்ரூ துளை வழியாக கிளீனரை அடித்து, ஸ்லைடுக்குப் பக்கத்திலுள்ள பொடித் துளைகளில் அது பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து இந்த வழிகளை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து முகத்தில் அடிக்கும்.

பூட்டியபின் மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல முட்டும் வரை திருகி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இன்ஜின் சூடானதும் இருபுறமும் கால் கால் சுற்றாகத் திருப்பி, வேகம் எங்கே அதிகமாகிறதோ அங்கே விடுங்கள். கடைசியில் ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து, கையேடு சொல்லும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 1,400 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரம்.

கேள்வி: கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது. இப்போது ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்று, பிறகு தடாலென்று இறங்கி ஆஃப் ஆகிறது.

பதில்: ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக வளைத்தால் ரேஸ் ஏறக் கூடாது. கேபிள் சரியென்றால் காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். மேலே வழவழப்பாக இருக்கும், மடிப்புக்கு அடியில் வெடித்திருக்கும். குழாயில் வேக்யூம் முனை இருந்தால் அதன் மூடியையும் பாருங்கள்.

இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது இணைப்புகளைச் சுற்றித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். எந்த இடத்தில் தெளித்ததும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சிலர் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள். அது தீப்பிடிக்கும், சைலன்சர் பக்கத்திலேயே சூடாக இருக்கிறது, தண்ணீரே போதும். வெடித்த ரப்பருக்கு சிலிகான் பேஸ்ட் பூசாதீர்கள், பெட்ரோல் பட்டதும் ஊறி உரிந்துவிடும். புது ரப்பரும் ஓ-ரிங்கும்தான் வழி. போல்ட்டுகளை அளவோடு, இரு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் தட்டு வளைந்து, புதிதாக ஒரு கசிவு தொடங்கும்.

கேள்வி: காலையில் பிரச்சினையே இல்லை. அரை மணி நேரம் ஓட்டினால் ஸ்லோ இறங்கி ஆஃப் ஆகிறது. ஆறினால் மறுபடி சரி. டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) சத்தம்கூட இல்லை.

பதில்: சத்தமே இல்லை என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. டேப்பட் சத்தம் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். இறுகிய டேப்பட் அமைதியாக இருந்தே வால்வை எரிக்கும். வால்வின் முகம் தேயத் தேய அதன் தண்டு மேலேறி இடைவெளி குறைகிறது. சூட்டில் தண்டு இன்னும் நீளும்போது வால்வு முழுதாக மூடாது. வேகத்தில் ஓடும்போது இந்தக் கசிவு தெரியாது. ஸ்லோவில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) போதாமல் இன்ஜின் நின்றுவிடும்.

வண்டி முழுதாக ஆறியிருக்கும்போது, அதாவது இரவு முழுக்க நின்றபின், டேப்பட்டை அளக்க வேண்டும். மேக்னட் வீலில் (இன்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) பிஸ்டன் உச்சியைக் காட்டும் "டி" குறியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடாவிட்டால் அது வேறு ஸ்ட்ரோக், இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பல சின்ன இன்ஜின்களில் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் வரும், சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) லேசான இழுப்போடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும்.

டேப்பட் சரியாக இருந்தால் சந்தேகம் ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்ஸர் காயில் மீது போகும். இவை சூட்டில் விட்டுப்போய், ஆறினால் பிழைப்பவை. வண்டி நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க்கைப் பாருங்கள், ஆறியபின் பார்த்துப் பயனில்லை. இன்ஜினிலிருக்கும் ப்ளக்கைக் கழற்றாமல், உபரி ப்ளக் ஒன்றைக் கேப்பில் செருகி, அதன் உடலை ஹெட்டில் அழுத்தி கிக் அடியுங்கள்.

கேள்வி: ப்ளக் அடிக்கடி கறுத்துப்போகிறது. சூட்டை மெதுவாக வெளியே விடும் "ஹாட்" ப்ளக் வாங்கிப் போட்டால் ஸ்லோ நிற்குமா?

பதில்: நிற்காது. கையேட்டிலுள்ள அதே எண்ணை வாங்குங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாகத் திரும்பவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை) மட்டம் உயர்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்தால் அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் விவகாரம். புது ப்ளக் கையாலேயே முழுதாகத் திருக வர வேண்டும், பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்.

கேள்வி: ரிப்பேர் கிட் வாங்குவதா, புது கார்புரேட்டரா?

பதில்: கிட்டில் வாங்கத் தகுந்தவை கிண்ண கேஸ்கெட், ஓ-ரிங்குகள், ஃப்ளோட் ஊசி. கூட வரும் ஜெட்டுகளை அப்படியே மாட்டாதீர்கள். பழைய ஜெட்டில் பொறித்த எண்ணும் புதியதில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பழையதைச் சுத்தம் செய்து போடுவதே மேல். எண்ணே பொறிக்காத ஜெட்டாக இருந்தால் கிட்டையே வைத்துவிடுங்கள்.

முழுதாக மாற்ற வேண்டிய கட்டங்கள் சில உண்டு: ஸ்லைடு பக்கவாட்டில் கடகடவென்று ஆடுவது, மிக்ஸர் ஸ்க்ரூ முனை உடைந்து சிக்குவது, உள்வழிகளில் வெள்ளையாக அரிப்புப் பிடித்திருப்பது. வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய், உடலில் பொறித்த மாடல் எண், துளையின் விட்டம், கேபிள் மாட்டும் அமைப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். பெரிய துளை கார்புரேட்டர் வேகம் தரும் என்று யாராவது சொன்னால், உங்கள் பிரச்சினை ஸ்லோவில்தான் என்று சொல்லிவிடுங்கள். அது அங்கே இன்னும் மோசமாக்கும். புதியது மாட்டியும் ஸ்லோ நிற்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதைப் பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள். பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். ஓட்டிக் காட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. ஸ்லோ மட்டும் கொஞ்சம் வேகமாக இருப்பதாகத் தோன்றியது.

பதில்: குறையை மறைக்க எளிய வழி ஸ்லோவைக் கூட்டி வைப்பதுதான். முன்பே சொல்லாமல் போய், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓட்டியபின், விற்பவர் அனுமதியோடு ஸ்லோவை உரிய அளவுக்குக் குறைத்து ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் எல்லாம் போட்டுப் பாருங்கள். அப்போது ஆஃப் ஆனால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் அளக்க வேண்டும்: நின்ற நிலையில் 12.6 வோல்ட் பக்கமும், ரேஸ் ஏற்றினால் 13.5க்கு மேலும் காட்ட வேண்டும்.

இதிலும் நிற்காத வண்டிக்கு கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால் ப்ளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. இரண்டாவது என்றால் டேப்பட் சரிசெய்தபின் ஒருமுறை அளந்துவிட்டு, அதற்குப் பிறகே விலை பேசுங்கள்.