கூட்டத்துக்குள் ஒரு மைக்: வாட்கின்ஸ் கிளென் கேசட்டுகள், வாசகர் கேள்விகள்

1973 ஜூலை 28 அன்று நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் கார் பந்தயத் திடலில் கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட், ஆல்மன் பிரதர்ஸ் ஆகிய மூன்று ராக் இசைக்குழுக்கள் வாசித்தன. விற்ற டிக்கெட் சுமார் 1,50,000. வந்தவர்கள் ஆறு லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த விழாவில் ரசிகர்கள் பதிந்த டேப்புகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

அமெரிக்காவில் படித்த என் பெரியப்பா அந்த விழாவில் பதிந்த இரண்டு சி-90 கேசட் வீட்டில் இருக்கிறது. பழைய டூ-இன்-ஒன்னில் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்து எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை, ஒரு பட்டன் மாறி அழுத்தினாலும் 1973 அழிந்துபோகும். அடுத்து, டேப்பின் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டிய சிறு பஞ்சுப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் டேப் சரியாக அழுந்தாது, ஒலி மங்கி மங்கி வரும். ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறொரு நல்ல கேசட்டைத் திறந்து, அதன் கூட்டுக்குள் உங்கள் டேப்பை மாற்றிக்கொள்ளலாம். பழைய கூடு ஒட்டுப்போட்டதாக இருந்தால் பொருத்து வழியாகக் கத்தியால் மெல்லக் கீறித் திறக்க வேண்டும். பழைய கூட்டையும் லேபிளையும் எறியாதீர்கள், லேபிளில் உள்ள கையெழுத்தும் ஆதாரம்தான்.

கேசட்டை ஓட்டப்போகும் டெக்கின் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அள்ளிப் பூசினால் ரப்பர் இறுகும், ஈரத்துணி போதும்.

இனி முக்கியமான வேலை அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் சாய்வைச் சரிசெய்வது. பதிந்த ரெக்கார்டரின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்திலேயே டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் சலசலப்பு போய்விடும். இரண்டு சேனலையும் மோனோவாக இணைத்துக் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூவை கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்புங்கள். கீச்சொலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பி பக்கத்துக்கு மறுபடி செய்ய வேண்டும். ஏ பக்கத்தில் சரியாக இருந்தது பி-யில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்பி ஆகும். 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி. ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக வையுங்கள், 4 ஜிபியைத் தாண்டும் வேவ் கோப்பு பல மென்பொருள்களில் திறக்காது.

பாட்டு முழுக்க கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறிக் கேட்கிறது. டெக் கோளாறா?

பெரும்பாலும் டெக் இல்லை, அன்றைய பேட்டரி. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். பக்கத்தின் தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை. அரை ஸ்வரம் என்பது கிட்டத்தட்ட 6 சதவீத வேக வித்தியாசம். அதில் பாதி ஏறியிருந்தால் 3 சதவீதம் குறைக்க வேண்டும். அப்படிக் குறைப்பதும் ஒரே அளவாக அல்ல, பக்கம் நெடுக ஏறிய அளவுக்கு ஏற்றபடி.

டேப்பில் கேட்கும், அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை வேகத்துக்கு அளவுகோலாக வைப்பவர்கள் உண்டு. திறந்தவெளி விழாவில் நாங்கள் அதை முழுதாக நம்ப மாட்டோம். மேடை ஜெனரேட்டரில் ஓடியிருந்தால் அந்த 60-ஏ ஆடியிருக்கலாம். ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் கீபோர்டும் உதவாது. அதன் சக்கரங்களைச் சுற்றுவது மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டிய மோட்டார், அதனால் அதன் சுருதியும் கூடவே ஆடும். அதிகாரபூர்வமாக வெளியான மேடைப் பதிவு ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிடுவதே நேர்வழி.

ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இன்னொரு அடி கேட்கிறது. நடுநடுவே ஒலி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குகிறது. சரிசெய்ய முடியுமா?

இரண்டும் வேறு வேறு. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றவருக்கு அடி 0.3 நொடி தாமதமாக வரும். இத்தனை பெரிய திடலில் நடுவே கோபுரம் நட்டு, அதில் ஸ்பீக்கர் ஏற்றி, அதற்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். மைக் இருந்த இடத்தில் இரண்டு ஒலியும் சரியாகச் சேராவிட்டால் இரட்டை அடி விழும். அதை நீக்க முடியாது. நீக்கவும் வேண்டாம், பெரியப்பா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று ஊகிக்க அது உதவும்.

மூச்சு வாங்குவது ரெக்கார்டரின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. பக்கத்தில் ஒருவர் விசிலடித்தால் இசையே அமுங்கி, பிறகு மெல்ல எழும். கையால் ஏற்றி இறக்கி ஓரளவு சமன் செய்யலாம், நகலில் மட்டும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் போடலாமா?

மூலக் கோப்பில் கூடாது. கேட்பதற்கென்று தனி நகல் எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனிலும் கவனம் தேவை. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் மேல் ஒலிகள் மங்கிவிடும்.

பெரியப்பா "28-ஆம் தேதி பதிந்தது" என்கிறார். அட்டையில் 27 என்று இருக்கிறது. எதை நம்புவது?

அட்டையும் சரியாக இருக்கலாம். முந்தின நாளே பெருங்கூட்டம் வந்துவிட்டதால் 27-ஆம் தேதி ஒலிச் சோதனையே கச்சேரிபோல் நடந்தது. கிரேட்ஃபுல் டெட் அன்று இரண்டு சுற்று வாசித்தார்கள். அதனால் கைதட்டல் கேட்கிறது என்பதை வைத்து 28 என்று முடிவு கட்ட முடியாது. இசையைக் கேளுங்கள். தி பேண்ட் வாசிக்கும்போது இடிமழையில் நிகழ்ச்சி தடைபட்டு, ஆர்கன் மட்டும் தனியாக வந்தால் அது 28. மூன்று குழுக்காரர்களும் கலந்து வாசிக்கும் நீண்ட பகுதி கடைசியில் நடந்தது.

பெரியப்பாவிடம் டேப்பைப் போட்டுக் காட்டுவதற்கு முன்பே நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்: எங்கே நின்றார், யார் முதலில் வந்தார்கள், மழை எப்போது, மைக்கை எதில் கட்டினார். ஒருமுறை கேட்டுவிட்டால் டேப்பில் இருப்பதே அவர் நினைவாகிவிடும். இரண்டும் முரண்பட்டால் முரண்பாட்டையே எழுதி வையுங்கள்.

அச்சிட்ட அட்டையையும் கண்மூடி நம்ப வேண்டாம். 1995-இல் தி பேண்டின் வாட்கின்ஸ் கிளென் நேரடிப் பதிவு என்று வெளிவந்த தட்டில் பெரும்பகுதி அந்த விழாவே இல்லை. ஸ்டூடியோ மிச்சங்களின்மேல் கைதட்டல் ஒட்டியிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டு உங்கள் கேசட்டைப் போலி என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்றொரு கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. என்ன செய்வது?

பூஞ்சை. ஓட்டாதீர்கள், டெக்குக்கும் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் வைத்து, பூஞ்சை உலர்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். டேப்பின் விளிம்பிலும் பூத்திருந்தால் அதோடு நிறுத்தி, டேப் மீட்பதில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.