27 வயதில் அடி இறங்குகிறது, கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. நீடாமங்கலம் பக்கம் கிராமம். தை மாதம் இரண்டாவது குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், குழந்தை 3.6 கிலோ. முதல் குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். இப்போது சாயங்காலம் ஆனால் அடிவயிறு கனத்து, கீழே ஏதோ இறங்குவது போல இருக்கிறது. குளிக்கும்போது கையில் சதை தட்டுப்படுகிறது, காலையில் பார்த்தால் இல்லை. இருமினால் சொட்டு மூத்திரம் போகிறது. 'எனக்கும் உன் வயசுல வந்ததுதான், அப்படியே இருந்துட்டேன்' என்கிறார் மாமியார். 'பையை எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இது புற்றுநோயா? குறுவை நடவுக்குப் போகலாமா? வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது புற்றுநோய் மாதிரி தெரியவில்லை. காலையில் காணாமல் போய் சாயங்காலம் இறங்கி வருகிற கட்டி என்று புற்றுநோயில் எதுவும் கிடையாது. நம் ஊரில் 'அடி இறங்கிடுச்சு', 'பை இறங்கிடுச்சு' என்று காதோடு காதாகச் சொல்கிறார்களே, அதுதான் உங்களுக்கும் வந்திருக்கிறது. பிரசவமான பெண்களில் நிறையப் பேருக்குக் கொஞ்சமோ அதிகமோ இது இருக்கும், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சை நம்பி முப்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற பெண்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இடுப்பு எலும்புக்கு அடியில், முன்பக்கத்திலிருந்து முதுகுத்தண்டின் நுனி வரைக்கும் ஒரு தசைப்படுகை விரிந்திருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுவும் சில தசைநார்களும் சேர்ந்துதான் தாங்குகின்றன. குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசை இரண்டு மூன்று மடங்கு இழுபடுகிறது, சிலருக்கு எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து கிழிந்தும் போகிறது. ஆயுதம் போட்ட பிரசவம், எடை கூடிய குழந்தை, ரொம்ப நேரம் முக்கியது இதெல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும். உங்களுக்கு முதல் இரண்டும் இருந்திருக்கிறது. ஆக, தளர்ந்தது தாங்கி நிற்கிற தசை, கர்ப்பப்பை ஒரு தப்பும் செய்யவில்லை. கயிற்றுக்கட்டிலில் கயிறு தொய்ந்து போனால் மேலே கிடக்கிற தலையணையைத் தூக்கி எறிந்து என்ன பிரயோஜனம்? பையை மட்டும் எடுத்துவிட்டுத் தாங்கலைச் சரிசெய்யாமல் விட்டால், சில வருஷங்களில் பிறப்புறுப்பின் மேற்சுவரே கீழே இறங்கி வந்து நிற்கலாம். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிடாய் நிற்கிற வயதின் தொந்தரவுகள் சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.

இறங்குவது எப்போதும் கர்ப்பப்பையாகவே இருக்கும் என்றும் இல்லை. முன்பக்கச் சுவரோடு மூத்திரப்பை இறங்கலாம், பின்பக்கச் சுவரோடு மலக்குடல் பிதுங்கலாம், பல பேருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். உங்கள் கைக்குத் தட்டுப்படுவது எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நேரில் பரிசோதித்தால்தான் தெரியும், அது ஐந்து நிமிஷ வேலை. இருமச் சொல்லி, முக்கச் சொல்லி, படுக்க வைத்தும் சில நேரம் நிற்க வைத்தும் பார்ப்பார்கள். ஒரு விஷயம், வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் இது தெரியாது. 'ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று யாராவது திருப்பி அனுப்பினால், 'சாயங்காலத்தில் சதை வெளியே தெரிகிறது, உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

உங்களுக்குச் சாதகமாக இருப்பது காலம். குழந்தைக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. பிரசவத்தில் இழுபட்ட தசையும் நாரும் தேறி வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். தாய்ப்பால் கொடுக்கிற வரை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, வறண்டு, தளர்வாகவே இருக்கும். பால் கொடுப்பதைக் குறைக்கும்போது பல பேருக்கு இதுவும் கொஞ்சம் தேறுகிறது. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். இன்றைக்கு இருக்கிற நிலையை வைத்து ஆபரேஷன் பற்றி முடிவு எடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உடற்பயிற்சி என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு காகிதமும் கொடுப்பார்கள், ஆனால் எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. 1948ல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பயிற்சி இது, அவர் பெயரால் கீகல் என்றே சொல்கிறோம். நாலு பேர் இருக்கிற இடத்தில் காற்று பிரியப் பார்க்கிறது, அடக்குகிறீர்கள், அதே நேரம் மூத்திரத்தையும் அடக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆசனவாயும் பிறப்புறுப்பும் சேர்ந்து உள்ளே, மேலே ஏறுகிறதே, அந்த அசைவுதான் பயிற்சி. புட்டத்தை இறுக்கக் கூடாது, தொடையை நெருக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சரியாக வருகிறதா என்று பார்க்க, கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டு ஒரு விரலை உள்ளே வைத்துப் பாருங்கள். விரலைச் சுற்றி இறுகி மேலே இழுத்தால் சரி. விரலை வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம், அது இருக்கிறதையும் கெடுத்துவிடும். நிறையப் பெண்கள் மாதக்கணக்கில் இப்படித் தலைகீழாகச் செய்துவிட்டு 'பயிற்சி பலிக்கவில்லை டாக்டர்' என்று வருகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் படுத்தபடியே செய்யுங்கள். மூன்று எண்ணும் வரை இழுத்துப் பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்தி, இப்படி எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக, பிடிக்கிற நேரத்தைப் பத்து எண்ணும் வரை கூட்டிக்கொண்டு, உட்கார்ந்தும் நின்றும் செய்ய ஆரம்பியுங்கள். தனியாக நேரம் ஒதுக்கினால் மறந்துவிடும், குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போது செய்தால் ஞாபகம் இருக்கும். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம், அது பயிற்சியும் ஆகாது, மூத்திரப்பைக்கும் நல்லதில்லை. அப்புறம் முக்கியமான ஒன்று, இருமல், தும்மல் வரும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் அதற்கு ஒரு நொடி முன்னால் இந்தத் தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டு மூத்திரம் போவது இதிலேயே பாதி குறையும். ஒரு வாரம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று விடக் கூடாது, குறைந்தது நாலு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிஸ்ட் இருப்பார், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்தத் தசையில் பழக்கம் இருக்காது, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது குறுவைக்கு வருகிறேன். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தாச்சு, ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், கூலியும் விட மனசு வராது, தெரியும். ஆனாலும் இந்தக் குறுவை வேண்டாம் என்பதுதான் என் யோசனை. குனிந்து நடுவதைக் கூட விட்டுவிடலாம், நாற்று பறித்து முடி கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடப்பதுதான் அடிவயிற்று அழுத்தத்தை நேராகக் கீழே இறக்கும். நூறு நாள் வேலையில் மண் சட்டி தூக்குவதும் இதே கணக்குதான். இப்போதிலிருந்து நாலு மாதம் பயிற்சி செய்தால் சம்பா நடவு நேரம் வந்துவிடும், அப்போது ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, நாற்று தூக்குகிற வேலையை வேறு ஆளுக்கு விட்டு, அரை நாள் நடவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வயலை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே பாருங்கள். 15 லிட்டர் குடம் நிறைத்தால் 15 கிலோவுக்கு மேல். அதை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தெருக்குழாயிலிருந்து தூக்கி வருவதை வீட்டுக்காரர் செய்யட்டும், இல்லாவிட்டால் பாதிக் குடமாக நாலு நடை வாருங்கள். குழந்தையைத் தூக்கலாம், அதில் தப்பில்லை, குனிந்து வாரி எடுக்காமல் உட்கார்ந்து மடியில் சேர்த்துக்கொண்டு எழுந்திருங்கள்.

பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பிள்ளை பெற்ற உடம்பு என்று 'தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்' என்று தண்ணீரைக் குறைத்து, கீரை பழம் எல்லாவற்றையும் விலக்கி, பூண்டும் கருவாடுமாகப் போடுகிற பத்தியம் மலச்சிக்கலைத்தான் கொண்டு வரும். தினமும் முக்கி முக்கிப் போகிறவளுக்கு எந்தப் பயிற்சியும் நிற்காது. நம் பக்கம் கிடைக்காததா, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, பூவன் பழம், கேழ்வரகு எல்லாம் சாப்பிடலாம், தண்ணீர் தாகத்துக்கு மேலேயே குடிக்கலாம். அப்படியும் இறுகினால் இசப்கோல் என்கிற நார்ச்சத்து உமியை எடுத்துக்கொள்ளலாம், பால் கொடுப்பவர்களுக்கும் அது ஆகும். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், அந்த அழுத்தம் கீழேதான் போகும். எண்ணெய் போட்டு வயிற்றை வழித்து ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் எண்ணெய்தான் செலவு. படிகாரம், மூலிகை உருண்டை எதையும் உள்ளே வைக்காதீர்கள், புண்ணாகி அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டி வரும். சாயங்காலம் கனம் தெரியும்போது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துக் கால் மணி நேரம் படுங்கள், உடனே சுகமாக இருக்கும்.

நாலு மாதப் பயிற்சிக்குப் பிறகும், அல்லது அதற்குள்ளேயே வேலை செய்ய முடியாத அளவுக்குத் தொந்தரவு இருந்தால், ரிங் என்று ஒன்று உண்டு. வளையல் மாதிரி இருக்கும் சிலிக்கான் வளையம், உள்ளே வைத்தால் இறங்குவதைத் தாங்கிப் பிடிக்கும். கிழவிகளுக்குத்தான் ரிங் என்பது தப்பான பேச்சு, பால் கொடுக்கிற பெண்ணும் வைத்துக்கொள்ளலாம், நீங்களே எடுத்துக் கழுவி வைக்கவும் பழகலாம். அதற்கும் மேலே போய் ஆபரேஷன்தான் என்றாலும், கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டுகிற முறைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை, இளம்பெண்களை மனதில் வைத்து உருவாக்கியவர்களே ஷிரோட்கர், புரந்தரே போன்ற மும்பை மருத்துவர்கள்தான். பையை எடுப்பது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால், தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியிலோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலோ மகப்பேறு பிரிவில் இன்னொரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், குடம் தூக்க ஆள் வேண்டுமே! 'பிரசவத்தில் தசை தளர்ந்திருக்கிறது, கனம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்கிறார்' என்று இரண்டே வாக்கியம் போதும். தாம்பத்தியத்தால் இது அதிகமாகாது, அவருக்கும் இதனால் ஒன்றும் வராது. வலித்தால் அது பெரும்பாலும் வறட்சியால்தான், மருந்துக்கடையில் அதற்கான வழவழப்பு ஜெல் கிடைக்கும். இன்னும் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளவில்லை என்றால் ஆணுறையோ காப்பர் டியோ பற்றி இப்போதே பேசிவிடுங்கள், பால் கொடுக்கிறோம் என்ற தைரியம் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது, இந்த உடம்போடு உடனே இன்னொரு கர்ப்பம் வேண்டாம்.

உங்கள் மாமியார் வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டிருப்பதைச் சாதாரணமாகச் சொல்கிறார், எனக்கு உங்களை விட அவரைப் பற்றித்தான் கவலை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போவதால் இறங்கியது இன்னும் இறங்கும், வெளியே வந்த சதை சேலையில் உரசிப் புண்ணாகும், மூத்திரம் முழுசாகப் போகாமல் தங்கித் தங்கிக் கிருமி வரும். அவருக்கு ரிங்கோ, களிம்போ, ஆபரேஷனோ, வயதுக்குத் தகுந்தபடி வழி இருக்கிறது. நீங்கள் போகும் அன்றே அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள்.

மூத்திரம் அடைத்துக்கொண்டு வராமல் போவது, இறங்கிய சதை உள்ளே போகாமல் வீங்கிக் கறுப்பது, மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளை, காய்ச்சல், இதில் எது வந்தாலும் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல், ராத்திரியாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டுப் போய்விடுங்கள்.