மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கியிருக்கிறேன், உடல் கீட்டோசிஸுக்குள் போய்விட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே வைத்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு நாட்களில் கீட்டோசிஸ், அதாவது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருட்களை உண்டாக்கும் நிலை, தொடங்கிவிடும். ஆனால் முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீரும் வெளியேறும். அடிக்கடி சிறுநீர் வருவதும் அதனால்தான்.

மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தால் அது அசிட்டோன் என்ற கீட்டோன், ஓரளவு நம்பலாம். பசி அடங்குவதும் நல்ல அறிகுறி.

உறுதியாகத் தெரிய வேண்டுமா, விரலில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டர்தான் சரி. லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை காட்டினால் கீட்டோசிஸ். சிறுநீர்ப் பட்டை மலிவு, ஆனால் அது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனைத்தான் அளக்கும். சில வாரங்களில் உடல் பழகியதும், கீட்டோசிஸ் தொடர்ந்தாலும் பட்டையின் நிறம் மங்கலாம். அதைப் பார்த்துப் பதறி, சாப்பிடுகிற கொஞ்சம் காய்கறியையும் குறைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.