சிறுநீரகம் கேட்டுக் காத்திருப்பவர்களின் வரிசையில் பணக்காரர்கள் முந்திவிடுகிறார்களா?

பெயரைப் பதிந்த பிறகு முந்துவது கஷ்டம். பதிவதற்கு முன்னாலேயே முந்திவிடுகிறார்கள், நாங்களும் அப்படி முந்தியவர்கள்தான்.

எங்களுக்குத் தேவகோட்டை. அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 61 வயது, வாரம் மூன்று நாள் காரைக்குடிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். ஆத்தா தன் சிறுநீரகத்தைத் தருவதாக முதல் நாளே சொன்னார், சர்க்கரை இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். சரி என்று, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்காகப் பதிந்தோம். தமிழ்நாட்டில் இதை டிரான்ஸ்டான் என்ற அரசு ஆணையம் நடத்துகிறது. நாமாக நேரே போய்ப் பதிய முடியாது, மாற்று அறுவை செய்யும் ஆஸ்பத்திரி ஒன்றின் வழியாகத்தான் பதிய வேண்டும். ரத்த வகை பொருந்த வேண்டும், அப்புறம் பதிவு மூப்பு. அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் உறுப்பு தானம் தந்தால் ஒரு சிறுநீரகம் அதன் சொந்தப் பட்டியலுக்கு, இன்னொன்று பொதுப் பட்டியலுக்கு. ஆக, மூளைச்சாவு கேஸ்கள் அதிகம் வரும் பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்தவருக்கு வாய்ப்பு கூடுதல். லஞ்சம் எதுவும் இல்லை, விதியே அப்படி.

எங்கள் பக்கம் கோயில் கணக்கில் ஒரு குடும்பத்தை ஒரு புள்ளி என்று எண்ணுவார்கள்; கோடீஸ்வரனும் ஒரு புள்ளி, கடன்காரனும் ஒரு புள்ளி. இந்தப் பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் புள்ளியாகச் சேர்வதுதான் பெரும் பாடு.

அப்பச்சிக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன் வருவான். 24 வயது, ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையில் வேலை. இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்த இடம், புடைத்துக்கொண்டு இருக்கும், தொட்டால் உள்ளே ஈ மொய்ப்பது போல அதிரும். எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே டயாலிசிஸ் தொடங்கியவன். ஆனால் பதிவில் எங்களுக்குப் பின்னால் நிற்கிறான். ஏன் என்றால் பதிய வேண்டும் என்றே அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்ன பிறகும் இதய ஸ்கேன், பல், ரத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் மதுரைக்கு அலைய வேண்டும், அலைகிற நாளெல்லாம் கூலி போச்சு. எங்களிடம் கார் இருந்தது, மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டோம்.

அமெரிக்காவில் 2014 டிசம்பரிலிருந்து, எவ்வளவு தாமதமாகப் பதிந்தாலும் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காத்திருப்பைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, இங்கே அப்படி வந்தால் பையன் எங்களைத் தாண்டிப் போவான் என்று தெரிந்தும். அங்கே இன்னொன்றும் உண்டு: நன்றாக உழைக்கும் என்று மதிப்பிடப்படும் மேல் 20 சதவீதச் சிறுநீரகங்களை, அதிக காலம் வாழக்கூடிய 20 சதவீத நோயாளிகளுக்குப் பொருந்துமா என்று முதலில் பார்ப்பார்கள். இதற்கு மட்டும் என்னால் முழு மனதோடு தலையாட்ட முடியவில்லை, 61 வயதுக்காரரின் மகன் அல்லவா.

போதாததற்கு அப்பச்சிக்கும் பையனுக்கும் ஒரே ரத்த வகை, ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரருக்கு ஓ வகைச் சிறுநீரகம் மட்டுமே சேரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து எந்த ராத்திரியும் அழைப்பு வரலாம், எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் நாலு நம்பர் கொடுத்திருக்கிறோம். வேலை நேரத்தில் கையெல்லாம் சிமெண்டும் சாயமும் என்பதால் பையன் பட்டறை முதலாளியின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான்.