நாலு பேர் சமையலும் இருபது பேர் சமையலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் சமையல் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் 20 பேர் கூடினோம். வழக்கமாக நாங்கள் நாலு பேர் சாப்பிடும் கொண்டைக்கடலைக் குழம்பையே ஐந்து மடங்காகச் செய்தேன். எல்லாவற்றையும் அளந்து, ஐந்தால் பெருக்கித்தான் போட்டேன். குழம்பு தண்ணீராக நின்றது. வெங்காயம் சிவக்காமல் வெந்து வெளுத்துக் கிடந்தது. உப்பு போதவில்லை என்று நடுவில் இன்னும் கொஞ்சம் போட்டேன். ஒரு மணி நேரம் கொதித்து வற்றிய பிறகு பார்த்தால் கரிக்கிறது! சோறு அடியில் குழைந்து, மேலே விறைத்திருந்தது. வந்தவர்கள் கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் அடுப்படியிலேயே நின்றேன். கடைசி ஆள் கிளம்பும்போதுதான் வெளியே வந்தேன்.

வார நாட்களில் வேறு கதை. ஏழு மணிக்கு வீடு திரும்பினால் எட்டுக்குள் தட்டில் ஏதாவது விழ வேண்டும். ‘ஐந்தே பொருட்கள், இருபதே நிமிடம்’ என்று வரும் குறிப்புகளை நம்பி இறங்கினால் ஒன்பதாகிவிடுகிறது. உண்மையிலேயே சுலபமானதாகச் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

அப்புறம், உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடச் சொன்னார்கள். போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் செய்ததில் தவறா?

ர.

அன்புள்ள ர.,

‘கடைசி ஆள் கிளம்பும்போதுதான் வெளியே வந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். குழம்பை அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம். 20 பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்க்காமல் அனுப்பியதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

சுலபமான குறிப்பு எது என்பதைப் பொருட்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். முட்டை, உப்பு, எண்ணெய், மூன்றே பொருளில் ஆம்லெட் ஆகிவிடும். அதை 20 பேருக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி ஆம்லெட் கல்லில் வேகும்போது முதல் ஆம்லெட் ஆறி ரப்பராகியிருக்கும். நீங்களும் கல்லோடு சேர்ந்து வெந்திருப்பீர்கள். அதே நேரம், பதினைந்து பொருள் போட்ட குழம்பு முந்தின நாள் இரவே தயாராகி, மறுநாள் சூடு பண்ண மட்டும் காத்திருக்கும். நான் எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: சாப்பிட உட்காருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இதற்கு என் கை வேண்டுமா? வேண்டும் என்றால் அது கூட்டத்துக்கு ஆகாது. எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி.

இப்போது உங்கள் ஐந்து மடங்குக்கு வருகிறேன். நீங்கள் பெருக்கியதில் தவறில்லை. கடலையைப் பெருக்கலாம், வெங்காயத்தைப் பெருக்கலாம். அடுப்பின் தீயைப் பெருக்க முடியாது, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கிறவரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் நன்றாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். நாலு பேருக்கு 200 கிராம் வெங்காயம் என்றால் அது அகலச் சட்டியில் ஒற்றை அடுக்காகப் பரவி, ஆவி உடனுக்குடன் போய், கால் மணி நேரத்தில் பொன்னிறத்துக்கு வந்துவிடும். ஒரு கிலோவை ஆழமான பாத்திரத்தில் கொட்டினால் அடியில் இருப்பது விடும் தண்ணீரில் மேலே இருப்பது வேகும். நீங்கள் பார்த்த வெளுப்பு அதுதான். அது வதங்கவில்லை, அவிந்திருக்கிறது. வழி இரண்டு உண்டு. ஒன்று, அகலமான இரண்டு சட்டிகளில் பாதிப் பாதியாகப் போடுவது. இன்னொன்று, ஒரே சட்டியில் கொஞ்சம் உப்புத் தூவி, மூடி போட்டுப் பத்து நிமிடம் தளரவிட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டுப் பெரிய தீயில் வற்றவிடுவது. எப்படியும் முக்கால் மணி நேரமாவது ஆகும். ‘5 நிமிடம் வதக்கவும்’ என்று எழுதுகிறவர்களை ஒரு கிலோ வெங்காயத்தோடு ஓர் அறையில் விட்டுப் பூட்ட வேண்டும்.

குழம்பு நீர்த்ததற்கும் காரணம் பாத்திரம்தான். ஆவி போவது மேல்பரப்பில். குழம்பு ஐந்து மடங்கானபோது பாத்திரத்தின் வாய் ஐந்து மடங்காகவில்லை, மிஞ்சிப்போனால் இரண்டு மடங்காகியிருக்கும். அதனால் முன்பு பத்து நிமிடத்தில் கெட்டிப்பட்டது, இப்போது அதைப் போல் பல மடங்கு நேரம் கேட்கும். தண்ணீரை முதலில் மூன்றரை மடங்கு மட்டும் விடுங்கள். பற்றவில்லை என்றால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். காரத்தையும் நான் முக்கால் பங்கோடு நிறுத்தி, கடைசியில் ருசி பார்த்துத்தான் கூட்டுவேன்.

உப்பில் நடந்ததும் இதன் தொடர்ச்சியே. தண்ணீராக இருக்கும்போது ருசி பார்த்தீர்கள், சப்பென்று இருந்தது, போட்டீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பெரிய பாத்திரத்தில் உப்பைச் சரிபார்க்க வேண்டியது வற்றி முடிந்த பிறகு. அதுவரை பாதி உப்போடு பொறுமையாக இருங்கள்.

சோறு விஷயத்தில் நம் பழமொழியே நம்மைக் கவிழ்த்துவிடுகிறது. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது சின்னப் பானைக்குச் சரி. இரண்டு கிலோ அரிசி வேகும் பானையில் மேலிருந்து எடுத்த ஒரு பருக்கை அடியைப் பற்றி எதுவும் சொல்லாது. மேலே நறுக்கரிசி, அடியில் கூழ், இரண்டும் ஒரே பானையில் இருக்கும். ஆளுக்கு 75 முதல் 100 கிராம் அரிசி என்று வைத்து, மொத்தத்தையும் இரண்டு மூன்று பாத்திரங்களாகப் பிரித்து வையுங்கள். தண்ணீரை வடிக்காமல் அளந்து வைப்பவர் என்றால், மடங்கு கூடும்போது தண்ணீரின் விகிதத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒரு கப் அரிசிக்கு நாம் விடும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகப் போகவே விடுகிறோம். அரிசி ஐந்து கப்பானாலும் அந்த ஆவிக் கணக்கு ஐந்து மடங்காவதில்லை.

சரி, அதே கொண்டைக்கடலைக் குழம்பை 20 பேருக்கு நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். சோறும் இன்னொரு பண்டமும் உண்டு என்றால் ஒரு கிலோ கடலை தாராளம். வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். விருந்துக்கு முந்தைய இரவுக்கும் முந்தைய இரவே ஊறப்போடுவேன், அதாவது சனிக்கிழமை மதியம் விருந்து என்றால் வியாழன் ராத்திரி. வெள்ளி மாலை குக்கரில் வேகவைப்பேன். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு வகைகள் நுரைத்து விசில் வரும் வழியை அடைத்துக்கொள்ளும். இரண்டு ஈடு வைத்தால் போயிற்று. கடலை விரலிடுக்கில் நசுங்கும்வரை வேக வேண்டும், ஏனென்றால் தக்காளியில் விழுந்த பிறகு அது அவ்வளவாக மென்மையாகாது. புளிப்பு எதுவாக இருந்தாலும் பயறு வகைகளின் தோலை இறுக்கிப் பிடித்துவிடும்.

குக்கர் தன் வேலையைப் பார்க்கும் நேரத்தில் 150 மில்லி எண்ணெயில் ஒரு கிலோ வெங்காயத்தை மேலே சொன்னபடி சிவக்கவிட்டு, இஞ்சியும் பூண்டும் தலா 75 கிராம் அரைத்துப் போட்டு, பச்சை வாசனை போனதும் நாலு மேசைக்கரண்டி மல்லித்தூள், இரண்டு சீரகத்தூள், ஒன்றரை மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள். பொடிகள் அரை நிமிடம் எண்ணெயில் புரண்டால் போதும். அப்புறம் ஒன்றேகால் கிலோ தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை அவசரப்படாதீர்கள். கடலையையும் அது வெந்த தண்ணீரில் ஒரு லிட்டரையும் ஊற்றி, ஒரு கை கடலையை மசித்துப் போட்டால் குழம்பு தானே கெட்டிப்படும். உப்பு 35 கிராமில் தொடங்குங்கள். முடிவில் 45 வரை போகலாம்.

‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்பார்கள். இங்கே மட்டும் நீண்ட நேரம் பொறுக்கக் கூடாது. ஐந்து லிட்டர் குழம்பை மூடி போட்டு மேடையில் விட்டால் விடிந்த பிறகும் உள்ளே வெதுவெதுப்பு இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகளுக்கும் விருந்துதான். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறினால் முந்தின நாளைவிட ருசியாக இருக்கும். சோறு மட்டும் அன்றன்றே. அரிசியோடு வரும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிக்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அது பெருகி உண்டாக்கும் நஞ்சைத் திரும்பச் சூடுபடுத்தியும் போக்க முடியாது.

சூடுபடுத்தும்போது அடிகனமான பாத்திரத்தை எடுங்கள். ஒரு முறை 25 பேருக்கான குழம்பை மெல்லிய பாத்திரத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன். தீய்ந்த வாசனை வந்ததும் பதறி ஓடிப் போய்க் கரண்டியைப் போட்டு அடிவரை கிளறினேன். அதுதான் தப்பு. அடியில் மட்டும் இருந்த தீய்ச்சலை என் கையாலேயே மொத்தக் குழம்புக்கும் பரப்பிவிட்டேன். அடிப்பிடித்தால் கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் முக்கால்வாசி தப்பிவிடும். அன்றைக்கு என் வீட்டு ஆட்கள் நாகரிகமாகச் சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் ‘விறகடுப்பில் வைத்ததா?’ என்று கேட்டார்.

வார நாட்களுக்கு வருவோம். இருபது நிமிடக் குறிப்பு உங்களுக்கு ஏன் இரண்டு மணி நேரமாகிறது தெரியுமா? பொருட்களின் பட்டியலைக் கூர்ந்து படியுங்கள். ‘வெங்காயம் 3, பொடியாக நறுக்கியது. கேரட் 2, துருவியது. கடலை 1 கப், ஊறவைத்து வேகவைத்தது.’ யார் நறுக்கியது, யார் துருவியது என்று குறிப்பு சொல்வதில்லை. அது அடுப்பு பற்றவைத்த நொடியிலிருந்துதான் நிமிடத்தை எண்ணத் தொடங்குகிறது.

ஆகவே அந்தப் பாதி வேலையை ஓய்வு நாளுக்குத் தள்ளுங்கள். மேலே சொன்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு விழுதை உப்பும் காரமும் குறைத்து ஒரு கிலோ வெங்காயத்துக்குச் செய்து, ஆறியதும் ஐந்து சின்ன டப்பாக்களில் உறையவையுங்கள். வெந்த கடலையையும் அப்படியே பிரித்து வைக்கலாம். காலையில் கிளம்பும்போது ஒரு டப்பாவை ஃபிரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் மாலை தயாராக இருக்கும். விழுதில் கடலையும் தண்ணீரும் சேர்த்தால் கால் மணி நேரத்தில் ஒரு குழம்பு. கீரை நறுக்கிப் போட்டால் இன்னொன்று. எனக்குப் பிடித்தது முட்டை. விழுதை அரை டம்ளர் தண்ணீரில் தளர்த்திக் கொதிக்கவிட்டு, கரண்டியால் நாலு குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். சிறு தீயில் ஆறேழு நிமிடம். வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள் மேல் மெல்லிய திரை படிந்திருக்கும்போது இறக்குங்கள். கிளற வேண்டியதும் இல்லை, புரட்ட வேண்டியதும் இல்லை. அந்த ஆறு நிமிடத்தில் முகம் கழுவிவிட்டு வந்துவிடலாம்.

தினம் ஒரு புதுப் பண்டம் செய்ய வேண்டும் என்கிற எண்ணத்தையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை எதையும் பரிசோதிக்க நான் துணிவதில்லை. கூட்டத்துக்கும் அதே விதிதான். நாலு பேருக்கு இரண்டு முறையாவது செய்து கைக்கு வந்ததையே 20 பேருக்குச் செய்யலாம்.

கடைசியாக உருளைக்கிழங்கு. உங்கள் மேல் தவறில்லை, உருளைக்கிழங்கால் அந்த வேலை ஆகாது. கிழங்கு உறிஞ்சுவது உப்பை மட்டுமல்ல, உப்புக் கலந்த தண்ணீரை. கிழங்கை எடுத்த பிறகு மிச்சக் குழம்பில் கரிப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கடலையை இரண்டு கை போட்டு, வெந்நீர் விட்டுப் பெருக்குவது ஒன்றுதான் வழி. இனி வேகவைக்கும்போதே ஒரு கிண்ணம் கடலையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். போட்ட உருளைக்கிழங்கை வீணாக்க வேண்டாம், அதையும் குழம்போடு பரிமாறிவிடலாம்.